உழிஞையும் நொச்சியும்: வான்போரின் கணக்கு

கோட்டையை முற்றுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை இரு திணைகளாகப் பிரிக்கிறது. தொல்காப்பியரோ காப்பவன் செயலையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். தாக்குதலும் காவலும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று அவர் கருதினார் போலும். இன்றைய போர்க்கருவிகளைப் பற்றிப் பேசும்போது நாம் மறப்பது இதனைத்தான். ராக்கெட் பெரிதா, ஆளில்லா விமானம் பெரிதா, வான்காப்பு பெரிதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். 2022இல் ரஷ்யப் படையெடுப்பால் மூண்ட உக்ரைன் போர் அந்தக் கேள்வியையே ஐயத்துக்குரியதாக்குகிறது.

முதலில் ராக்கெட்டைக் காண்போம். 1941 ஜூலை 14 அன்று ஒர்ஷா ரயில் நிலையத்தின் மீது சோவியத் படையினர் கத்யூஷாக்களை ஏவினர். ஒரு வண்டியில் 16 ராக்கெட்டுகள். குறி துல்லியமன்று, பரப்பை நிறைத்து அழிப்பதே அவற்றின் இயல்பு. 2022 ஜூனில் உக்ரைனை அடைந்த அமெரிக்க ஹிமார்ஸ் வண்டியில் ஆறே ராக்கெட்டுகள். செயற்கைக்கோள் வழிகாட்ட, அவை 70 கிலோமீட்டருக்கு அப்பாலும் குறிதவறாது விழுந்தன. வெடிமருந்துக் கிடங்குகள் எரிந்தன. கெர்சோன் அருகே அன்டோனிவ்ஸ்கி பாலம் துளைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ரஷ்யர் கெர்சோன் நகரைக் கைவிட்டதற்கு இது ஒரு காரணம். ஆயினும் வழிகாட்டும் சமிக்ஞையைக் குழப்பும் கலையை ரஷ்யர் வளர்த்துக்கொண்டபின் அந்தத் துல்லியம் குறைந்தது.

ஆளில்லா விமானத்தின் மூதாதை 1944 ஜூன் 13 அன்று லண்டனில் விழுந்தது. ஜெர்மனியின் வி-1 அது. பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். பீரங்கிகளைக் கடற்கரைக்கு நகர்த்தி, ராடாரையும், குறியை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுகளையும் இணைத்தபின் நிலைமை மாறியது. ஆகஸ்ட் 28 அன்று வந்த தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவற்றுள் லண்டனை எட்டியவை நான்கே. காவல் வென்றதா? செப்டம்பர் 8 அன்று வி-2 ராக்கெட் வந்தது. ஒலியினும் விரைந்து வந்த அதனை எந்தப் பீரங்கியும் தொட இயலவில்லை.

2022 செப்டம்பர் முதல் ரஷ்யா ஏவிவரும், ஈரானிய வடிவமைப்பிலான ஷாஹெத்-136 மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. வி-1இன் வேகத்தில் மூன்றிலொரு பங்கும் இல்லை. அதன் வலிமை வேகத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. மதிப்பீடுகள் அதனைச் சில பத்தாயிரம் டாலர் என்கின்றன. 2023 ஏப்ரலில் உக்ரைன் பெற்ற பேட்ரியாட் அமைப்பின் புதுவகை ஏவுகணை ஒன்றின் விலையோ ஏறத்தாழ 40 லட்சம் டாலர். மறுமாதமே அது கீவ் வானில் கின்ஷால் ஏவுகணையை வீழ்த்தியது உண்மை. ஆனால் மலிவான ஷாஹெதுக்காக அதனைச் செலவிட்டால், நாளை வரும் விரைவு ஏவுகணைக்கு எது மிஞ்சும்? மின்நிலையத்தைக் காப்பதா, குடியிருப்பைக் காப்பதா என்ற தேர்வு ஒவ்வோர் இரவும் காவலன்முன் நிற்கிறது. தாக்குபவன் வேண்டுவதும் அதுவே.

எனவேதான் உக்ரைனியர் பழைமைக்குத் திரும்பினர். ஜெர்மனி அளித்த பழைய கெபார்ட் பீரங்கிகளும், சிறு வண்டிகளில் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கிகளும் ஷாஹெதை வீழ்த்தின. 2025இல் அதனைத் துரத்தி மோதும் சிறு ஆளில்லா விமானங்களும் பெருமளவில் களமிறங்கின. உழிஞையின் கருவியே நொச்சிக்கும் கருவியாயிற்று.

இம்மூன்றில் எது சிறந்தது என்பதற்கு நிலையான விடை இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. எவர் கிடங்கு முதலில் காலியாகும் என்பதே கேள்வி. புறத்திணை பாடிய முன்னோர் அரணுக்குள் அடைபட்டோரின் உணவையும் நீரையும் எண்ணியவர்கள். அவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. வானமே அரணாகிவிட்ட காலத்தில் அதற்குள் அடைபட்டிருப்போர், இரவெல்லாம் அபாயச் சங்கொலி கேட்டு விழித்திருக்கும் நகரத்து மக்கள்.