காவிரியின் கடைக்கோடியில் கோடியக்கரை

மைசூரில் வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டு பழகிய இடம். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பரிந்துரையால் 1940-இல் அது பறவைகளின் சரணாலயமாயிற்று. அத்தீவுகளைத் தழுவிச் செல்லும் காவிரி, சோழ நாட்டை வளப்படுத்திக் கடலை அடைகின்றது. அவ்வாற்றுப் படுகையின் தென்கோடியில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது கோடியக்கரை.

வெளிமான்கள் மேயும் புல்வெளி, உலர்ந்த பசுங்காடு, மேற்கே பரந்த உப்பங்கழிச் சதுப்பு ஆகிய மூன்றும் ஆங்கே ஒருங்கே அமைந்துள்ளன. குளிர்காலத்தில் பூநாரையும் உள்ளானும் திரள்திரளாக வந்து இரை தேடும். 1967-இல் அரசு இதனை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் கோடியக்கரை 2002-இலும், நமது ரங்கனதிட்டு 2022-இலும் இடம்பெற்றன.

இக்காடு பழமையானது. கடற்காற்று வீசும் இவ்விடத்தில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதை எண்ணிச் சுந்தரர் உருகிப் பாடினார். சோழர் காலத்தது எனப்படும் கலங்கரை விளக்கம் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் சிதைந்தது. அருகே உள்ள வேதாரணியமோ விடுதலை வரலாற்றில் அழியாப் புகழ் பெற்றது. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து சென்ற இராஜாஜி, ஏப்ரல் 30-இல் அங்கு உப்பெடுத்துச் சிறை புகுந்தார்.

அன்று உரிமைக்கு அடையாளமாய் நின்ற அவ்வுப்பே அளவு மிகுந்தால் கழிக்குப் பகையாகின்றது. மழைநீரும் ஆற்றுநீரும் கடல்நீரோடு கலந்தால்தான் மீன்குஞ்சும் இறாலும் செழிக்கும். அவை செழித்தால்தான் பறவைக்கு இரையுண்டு. நன்னீர் வரவு குறையின் உவர்ப்பு ஏறும். பறவைகளும் வேறிடம் நாடும்.

காவிரியைப் பற்றிப் பேசுவோர் வயலையும் ஊரையும் மட்டுமே எண்ணுவர். ஆயின், 2007-இல் தீர்ப்பளித்த காவிரி நடுவர் மன்றம், மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் சுற்றுச்சூழலைக் காக்க 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாது கடலில் சேரும் நீருக்கென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. வாய் திறந்து வழக்காட இயலாத உயிர்களுக்கும் ஆற்றில் பங்குண்டு என்பதை நீதியும் ஏற்றுக்கொண்டது.

பிறந்த நாட்டுக்கும் புகுந்த நாட்டுக்கும் ஒரே ஆற்று நீரை உண்ணும் நாம், இவ்வுண்மையை இரு மொழியினரிடத்தும் பகையின்றி எடுத்துரைக்கத் தக்கவர்கள். நம் சிறுவர்கள் ரங்கனதிட்டில் பறவைகளைக் காணும்போது, அந்நீர் சென்றடைய வேண்டிய கோடியக்கரையையும் அவர்களுக்கு அறிமுகம் செய்வோமாக.