ஏழாண்டுப் போரின் கடன்

1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரித் துறையில் வந்திறங்கிய தளபதி லாலியிடம் பிரெஞ்சு மன்னரின் ஆணை இருந்தது, படை இருந்தது, ஆங்கிலேயரை இந்த மண்ணிலிருந்து துரத்தியே தீருவது என்ற வைராக்கியம் இருந்தது. பணம் மட்டும் இல்லை. வண்டிக்கு மாடுகூடப் போதவில்லை. கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தளவாடம் கொண்டுசெல்ல, ஊர் மக்களை இன்னார் இனியார் என்று பாராமல் பிடித்துவந்து சுமை தூக்க வைத்தார். ஜூன் 2-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. கஜானா நிரம்பவில்லை.

அடுத்து அவர் பார்வை தஞ்சாவூர் மேல் விழுந்தது. 1749-இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை முற்றுகையிட்டபோது மன்னர் பிரதாபசிங் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் ஒன்று புதுச்சேரியில் இருந்தது. 50 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை. அந்தப் பழைய பத்திரத்தை வசூலிக்க ஒரு படையே புறப்பட்டது. வழியில் கீழ்வேளூரில் நடந்ததை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். புதையல் தேடி வீடுகளைக் குடைந்தார்கள், குளங்களைத் துழாவினார்கள், கோயில் திருமேனிகளைத் தூக்கிச் சென்றார்கள். உரசிப் பார்த்தால் பொன் இல்லை, பித்தளை. கோயிலைவிட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்த அந்தணர் ஆறு பேரை ஒற்றர் என்று சந்தேகித்துப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். அந்த ஆறு பேரின் பெயர் எந்த நூலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

இத்தனையும் எதற்காக? ஐரோப்பாவில் 1740-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் ஆஸ்திரியாவிடமிருந்து சிலேசியாவைப் பறித்துக்கொண்டார். அதை மீட்க ஆஸ்திரியா தன் பழம்பகையான பிரான்சோடு கைகோத்தது. வட அமெரிக்காவில் ஓகையோ பள்ளத்தாக்கு பிரிட்டனுக்கா பிரான்சுக்கா என்ற தகராறில் 1754 மே மாதம் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் சென்ற சிறு படை ஒரு பிரெஞ்சு அணியைத் தாக்கியது; அதன் தலைவர் ஜுமோன்வில் கொல்லப்பட்டார். இரண்டு பகைகளும் ஒன்றோடொன்று பின்னி 1756-இல் பெரும்போராக வெடித்தன. சிலேசியாவின் பெயரைக்கூடக் கேட்டிராத கீழ்வேளூர் அதற்கு விலை கொடுத்தது.

பிறகு நடந்தவை நாம் பள்ளியில் படித்தவைதாம். லாலியின் சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் கலைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவில் பிரெஞ்சுக்காரரின் கியூபெக் விழுந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பழியாக அந்நகரைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. கால் நூற்றாண்டு காலம் அவ்வூரின் கொடுக்கல் வாங்கலையும் அரண்மனைப் பேச்சையும் நாட்குறிப்பில் எழுதிவந்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, சரணடைவுக்குச் சில நாள் முன்னரே கண்மூடிவிட்டார். லாலிக்கு 1766-இல் பாரிசில் தலை போனது.

வந்தவாசியில் தோற்றதால் பிரான்சு இந்தியாவை இழந்தது என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். களத்தில் நடந்தது ஒருநாள் சண்டை. லாலி தோற்றது அதற்கு வெகு முன்பே, கூலி கொடுக்க வழியில்லாமல் தஞ்சைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றே என்பது என் கணிப்பு. வங்காளத்தில் 1757-இல் பிளாசியில் வென்ற கம்பெனிக்கு அந்த வளமான மாநிலத்தின் பணம் கிடைத்தது. கடலும் அதன் கையில் இருந்தது. லாலிக்கு இரண்டும் இல்லை.

1762-இல் இதே போரின் பேரால் சென்னையிலிருந்து ஸ்பெயினின் வசமிருந்த மணிலாவைப் பிடிக்க ஒரு கப்பற்படை சென்றது. கம்பெனியின் சென்னைச் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். ஸ்பெயினோடு அவர்களுக்கு என்ன பகை? மணிலா வீழ்ந்தது; சமாதானம் ஆனதும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகில் காயிந்தா என்ற ஊரில் குடியமர்ந்தனர். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

1763 பிப்ரவரி 10 அன்று பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தானது. கனடா பிரிட்டனுக்குப் போனது. இடிந்த புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது. வரலாற்று நூல்கள் இங்கே அத்தியாயத்தை முடிக்கின்றன. என் பார்வையில் உலகைப் புரட்டிப்போட்ட பகுதி இங்கேதான் தொடங்குகிறது, கணக்குப் புத்தகத்தில்.

போருக்கு முன் ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டாக இருந்த பிரிட்டனின் அரசுக் கடன், போர் முடிந்தபோது 13 கோடியைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைச் செலவையாவது அங்குள்ள குடியேறிகள் ஏற்கட்டும் என்று 1765-இல் முத்திரைத்தாள் வரி வந்தது. எதிர்ப்பு மூண்டதால் மறு ஆண்டே விலக்கப்பட்டது. ஆனால் வரிவிதிக்கும் உரிமையை நாடாளுமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. அதே 1765 ஆகஸ்டில் அலகாபாத்தில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் வங்காளத்தின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலை, கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு தனக்கு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு 1767-இல் கம்பெனியிடம் கேட்டு வாங்கியது. 1769–70-இல் மழை பொய்த்தது. வங்காள மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டனர் என்று வங்காளக் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் லண்டனுக்கு எழுதினார். 1771-இன் நிகர வசூல், பஞ்சத்துக்கு முந்திய 1768-இன் வசூலையும் மிஞ்சியதாக அதே கடிதத்தில் சொல்கிறார். இவ்விரு கூற்றுகளும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் பதறுகிறது.

அத்தனை வசூலித்தும் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. 1773-இல் அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது; லண்டன் கிடங்குகளில் விற்காமல் தேங்கிய சீனத் தேயிலையை நேரே அமெரிக்காவில் விற்கவும் சட்டம் செய்து கொடுத்தது. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலுக்குள் போயின. வங்காளத்தில் மக்களைப் பட்டினி போட்டுக் கொன்ற கம்பெனி இப்போது நம் வாசலுக்கு வருகிறது என்று சில வாரம் முன்புதான் அமெரிக்கரான ஜான் டிக்கின்சன் தம் மக்களை எச்சரித்து எழுதியிருந்தார். வங்காளத்துச் சாவு அமெரிக்க விடுதலைப் போரின் பேச்சில் இப்படிக் கலந்திருக்கிறது. பழிதீர்க்க 1778-இல் அமெரிக்கர் பக்கம் போரில் இறங்கிய பிரான்சு, ஏற்கெனவே இருந்த கடன் மேல் கடன் ஏற்றி, வழியின்றி 1789 மே மாதம் மூன்று வகுப்பாரின் பேரவையைக் கூட்டியது. அதற்குப் பின் வந்தது பிரெஞ்சுப் புரட்சி.

தமிழ்நாட்டின் பங்குக்கு வந்த பற்றை நம் நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. இங்கு நடந்த போரெல்லாம் ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் பேரால் நடந்தவை. ஆகவே செலவை அவர் கணக்கில் எழுதியது கம்பெனி. அதைக் கட்ட அவர் கடன் வாங்கினார். கொடுத்தவர்களோ அதே கம்பெனியின் அதிகாரிகள். தொடக்கத்தில் வட்டி நூற்றுக்கு 20-க்கும் மேல். ஈடாக மாவட்டம் மாவட்டமாக வரி வசூல் எழுதிக் கொடுக்கப்பட்டது. கதிர் முற்றும் முன்பே விளைச்சல் கடன்காரனுக்குச் சொந்தமாயிற்று. சென்னை முற்றுகையின்போது லாலியின் படையை வெளியிலிருந்து அலைக்கழித்துக் கம்பெனிக்காக உழைத்த யூசுப் கான், மதுரைச் சீமையின் குத்தகையை நவாபுக்கு விட்டுக்கொடுக்க மறுத்ததால் 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சாவூரை 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் கைப்பற்றினார். அதன் வருவாயும் பால் பென்பீல்டு போன்ற கடன்காரர்களுக்கு அடகு போனது. தஞ்சையை மன்னர் துளஜாவுக்குத் திருப்பித் தரச் செய்த கவர்னர் பிகாட்டைச் சென்னைக் கவுன்சிலின் பெரும்பான்மையினர் 1776-இல் சிறைப்பிடித்தார்கள். அவர் காவலிலேயே 1777-இல் இறந்தார். எட்மண்ட் பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை, காவிரிக் கரையின் பாசனத்தையும் பட்டினியையும் லண்டனில் பேச வைத்தது. ஆனாலும் அமைச்சரவை கடன்காரர் பக்கமே நின்றது.

1801-இல் கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டு நவாபின் நாட்டின் ஆட்சி முழுதும் கம்பெனிக்குப் போனது. நவாபின் கடன்களை ஆராய 1805-இல் அமர்த்தப்பட்ட ஆணையம் பல ஆண்டு உட்கார்ந்து பத்திரம் பத்திரமாகப் பார்த்தது. முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் மிகச் சிறிய பகுதிதான் உண்மைக் கடன் என்று முடிவாயிற்று, மற்றவை தள்ளுபடியாயின. அந்தக் கடன்களின் பேரால் தஞ்சையிலும் ஆர்க்காட்டிலும் வசூலித்த நெல்லையும் பணத்தையும் உழுதவனுக்குத் திருப்பித் தர எந்த ஆணையமும் அமர்த்தப்படவில்லை.