தரப்படுத்தல் முதல் இசட் புள்ளி வரை: இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியின் கதை

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று ஒரு மாணவன் முதலில் பார்ப்பது மூன்று ஏ கிடைத்ததா என்பதை அல்ல. இசட் புள்ளி எவ்வளவு, மாவட்ட நிலை எத்தனையாவது என்பதைத்தான். அதன் பிறகு வெட்டுப்புள்ளி வெளியாகும் வரை மாதக்கணக்கில் காத்திருப்பு. ஒரே வினாத்தாளை எழுதி, ஒரே இசட் புள்ளி எடுத்த இரண்டு பேரில் ஒருவர் மருத்துவ பீடத்துக்குப் போவார், மற்றவர் போகமாட்டார். காரணம் அவர்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது. வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். இந்த நிலைக்கு நாடு வந்து சேர்ந்த பாதையைப் பார்த்தால் விசித்திரம் குறையும், கவலை கூடும்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1921ல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் கொடுக்கவில்லை. மாணவர்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்துக்குத் தயார்படுத்தியது. 1942ல் அதுவும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அனுமதி கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான பள்ளிகளில், ஆங்கிலத்தில் படித்தவர்கள். ஆகவே யாருடைய புள்ளியை யாருடைய புள்ளியோடு ஒப்பிடுவது என்ற கேள்வியே எழவில்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போக வசதி இல்லாதவன் அந்த வரிசையில் நிற்கவே இல்லை, அவ்வளவுதான்.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945ல் நடைமுறைக்கு வந்ததும் அந்த வரிசை நீளத் தொடங்கியது. கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. படிப்படியாகக் கற்பித்தல் மொழி ஆங்கிலத்தில் இருந்து சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. 1960 அளவில் கலைப்பிரிவு மாணவர்கள் தாய்மொழியில் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் விஞ்ஞானப் பிரிவும் தாய்மொழிக்கு வந்தது. ஆனால் விஞ்ஞானம் படிக்கத் தாய்மொழி மட்டும் போதாது. ஆய்வுகூடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். இவை இரண்டும் கொழும்பிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், இன்னும் சில நகரங்களிலும் மட்டுமே போதிய அளவு இருந்தன.

யாழ்ப்பாணத்துக்கு இது எப்படி வாய்த்தது என்பதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். 1823ல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, அதற்குப் போட்டியாகச் சைவர்கள் கட்டிய பாடசாலைகள், ஆறு எதுவும் ஓடாத வறண்ட நிலம், உத்தியோகத்தை விட்டால் வேறு வழி இல்லை என்ற நினைப்பு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. விளைவு கணக்கில் தெரிந்தது. பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கின்படி 1969ல் நாட்டு மக்கள் தொகையில் சுமார் 7 சதவீதம் பேர் மட்டுமே வாழ்ந்த வடமாகாணம், விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளுக்குத் தெரிவானவர்களில் 27.5 சதவீதத்தைக் கொடுத்தது. பொறியியலிலும் மருத்துவத்திலும் அனுமதி பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழர்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மொனராகலையிலோ அனுராதபுரத்திலோ ஒரு கிராமத்துச் சிங்களப் பையனுக்கு விஞ்ஞானம் படிக்க அருகில் பாடசாலை இல்லை. அவன் கலைப்பிரிவு படித்தான். பட்டமும் பெற்றான், வேலைதான் கிடைக்கவில்லை. 1971 ஏப்ரலில் நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலானோர் இப்படிப் படித்துவிட்டு வெறுங்கையோடு இருந்த கிராமத்து இளைஞர்கள். மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருந்த தமிழ் மாணவனின் நிலையும் இதைவிட மேலாக இருக்கவில்லை. அரசாங்கம் எதையாவது செய்தே ஆகவேண்டிய நேரம் அது. செய்தது என்ன என்பதில்தான் வில்லங்கம்.

1970ல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்மொழி விடைத்தாள்களைத் திருத்திய பரீட்சகர்கள் தாராளமாகப் புள்ளி போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை அப்போது பரவியது. விசாரித்துப் பார்த்ததில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தமுறை அனுமதிக்கு மொழிவாரியாக இரண்டு வெட்டுப்புள்ளிகள் போடப்பட்டன. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 400 புள்ளி. பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்களமொழி மாணவனுக்கு 227 போதும், தமிழ்மொழி மாணவனுக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229, 250. கட்டுபெத்தையில் பொறியியலுக்கு 212, 232. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்கவேண்டும். வினாத்தாள் ஒன்றுதான், மொழி மட்டுமே வேறு. கொழும்பில் வசதியான பாடசாலையில் படித்த சிங்கள மாணவனுக்கும் 227 போதும். ஆய்வுகூடத்தையே கண்ணால் காணாத முல்லைத்தீவுத் தமிழ் மாணவன் 250 எடுக்கவேண்டும். பின்தங்கியவனைத் தூக்கிவிடுவதற்கான ஏற்பாடு என்றால் அளக்கவேண்டியது வசதியை. அளந்தது மொழியை. 249 எடுத்த ஒரு மாணவனுக்கு அவனுடைய வகுப்புத் தோழன் எவனும் விளக்கிச் சொல்லி ஆறுதல்படுத்தக்கூடிய விஷயம் அல்ல இது. தமிழ் மாணவர் பேரவை உருவானதும், யாழ்ப்பாணத்து வீதிகளில் மாணவர் ஊர்வலங்கள் போனதும் இந்தச் சூழலில்தான். பின்னாளில் நடந்த போருக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகைப்படுத்தல். ஆனால் பதினெட்டு வயதுப் பையன்களைக் கோபத்தோடு வீட்டுக்கு அனுப்பியதில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

அப்பட்டமான இரண்டு வெட்டுப்புள்ளி என்பது பார்வைக்கே நன்றாக இல்லை. ஆகவே 1973ல் அதற்குப் புள்ளிவிபரவியல் உடுப்புப் போடப்பட்டது. அதன் பெயர்தான் தரப்படுத்தல். ஒவ்வொரு மொழியிலும் எழுதியவர்களின் புள்ளிகளைத் தனித்தனியாக எடுத்து, ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றுவார்கள். ஒரு மொழியில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ அந்த விகிதத்தில் அந்த மொழியில் இருந்து தெரிவாவார்கள். இரண்டு மொழிக் குழுக்களின் திறமையும் சராசரியில் ஒன்றே என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவுக்கு ஏற்றபடி புள்ளியை வளைத்தால் இப்படித்தான் வரும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1974ல், மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்துகொண்டது. மாவட்டத்தின் மக்கள் தொகைக்கு ஏற்ப இடம். 1971 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் பங்கு ஏறத்தாழ 5.5 சதவீதம். வடமாகாணத்தின் 27.5 சதவீதம் 1974ல் 7 ஆனது. கொழும்பு மாவட்டச் சிங்கள மாணவர்களும் இதில் நிறைய இழந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆதாயம் பெற்றவர்களில் கண்டிப் பகுதிச் சிங்களவர் முக்கியமானவர்கள், கூடவே மட்டக்களப்பு, மன்னார், வவுனியாத் தமிழ், முஸ்லிம் மாணவர்களும் ஓரளவு பெற்றார்கள். இதில் ஒரு கசப்பான கிளைக்கதையும் உண்டு. மாவட்ட மக்கள் தொகையைக் கணக்கிடும்போது மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் எண்ணப்பட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்கள்கூட. ஆனால் தோட்டத்துப் பாடசாலைகளில் இருந்து உயர்தரம் வரை வந்த பிள்ளைகள் அந்நாளில் மிகச் சொற்பம். எண்ணிக்கை அவர்களுடையது, இடம் வேறு யாருக்கோ.

அதே 1974 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. வாசலைக் குறுக்கிவிட்டு வீட்டைக் கட்டிக்கொடுத்தது போல என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் தப்பில்லை.

சூத்திரம் வருடாவருடம் மாறிக்கொண்டே இருந்தது. 1976ல் 70 சதவீதம் புள்ளிப்படி, 30 சதவீதம் மாவட்டப்படி என்று வந்தது. 1977ல் ஆட்சி மாறியதும் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1978ம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உருவாகி, அனுமதி அதன் கைக்குப் போனது. 1979ல் 30 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டம் என்று பிரித்தார்கள். பின்னர் இதுவும் மாறி 40, 55, 5 என்ற பங்கீட்டில் வந்து நின்றது. கலைப்பிரிவுக்கு மாவட்டக் கணக்கு இல்லை, அகில இலங்கைத் திறமை மட்டும்.

இவ்வளவு மாற்றங்களுக்கு இடையிலும் ஒரு அடிப்படைப் பிழை கவனிக்கப்படாமல் கிடந்தது. பாடங்களின் புள்ளிகளைச் சும்மா கூட்டிக்கொண்டிருந்தார்கள். இலகுவான தாளில் எடுத்த 70ம் கடினமான தாளில் எடுத்த 70ம் ஒன்றா? 2001ல் வந்த இசட் புள்ளி முறை இதைச் சரிசெய்ய வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் இதோடு சேர்த்துப் பேசப்படும் பெயர். கணக்கு எளிது. உங்கள் புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்கவேண்டும். ஒரு பாடத்தில் சராசரி 50, நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்தவருக்கு இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 10. அதில் 60 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2. பார்வைக்கு 70 பெரிது, உண்மையில் 60தான் அரிய காரியம். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் சராசரி எடுத்தால் ஒருவரின் இறுதிப் புள்ளி.

1973ன் தரப்படுத்தலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இரண்டுமே புள்ளியை மாற்றுகின்றன. ஆனால் இசட் புள்ளி பாடத்தைப் பாடத்தோடு சமப்படுத்துகிறது. ஒரு பாடத்தை எந்த மொழியில் எழுதினாலும் எல்லோரும் ஒரே கூட்டம். அன்று சமப்படுத்தியது மனிதர்களை, அதுவும் ஒரே தாளை எழுதியவர்களை.

யாரை யாரோடு ஒரே கூட்டமாக எண்ணுவது என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது என்பதற்கு 2011 இன்னொரு சாட்சி. அந்த ஆண்டு ஆகஸ்ட் உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் சிலரும் புதிய பாடத்திட்டத்தில் சிலரும் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு வேறு. அப்படியிருந்தும் இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணக்கிட்டார்கள். டிசம்பரில் பெறுபேறு வந்தபோது மாவட்ட நிலைகளிலும் குளறுபடி. மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். இவை இரண்டும் வெவ்வேறு தொகுதிகள், தனித்தனியாகக் கணக்கிடுங்கள் என்று 2012 ஜூனில் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழு மாதமாகக் கையில் வைத்திருந்த இசட் புள்ளி செல்லாது என்று ஆகி, புதிதாக ஒன்று வந்தது. 1973ல் ஒரே தாளை எழுதியவர்களைப் பிரித்தது அநியாயம். 2011ல் வேறு தாளை எழுதியவர்களைச் சேர்த்தது அநியாயம்.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றிய சண்டை மட்டும் ஓயவில்லை. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பரீட்சை எழுதவைக்கும் பெற்றோர் உண்டு. அதைத் தடுக்க, கடைசி மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலையின் மாவட்டமே மாணவனின் மாவட்டம் என்று விதி வைத்தார்கள். கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களில் மன்னார், முல்லைத்தீவு, மொனராகலை, நுவரெலியா எல்லாம் இருக்கின்றன. எழுபதுகளில் முன்னேறியது என்பதற்காகவே இடங்களை இழந்த யாழ்ப்பாணமும் இருக்கிறது. முப்பது வருடப் போர் அதைச் செய்தது.

யாழ்ப்பாண மாவட்டம் என்றால் நகரத்தின் நடுவில் இருக்கும் பேர்போன கல்லூரியும் அதில் அடக்கம், நெடுந்தீவில் படகுக்குக் காத்திருக்கும் ஆசிரியரை நம்பியிருக்கும் பாடசாலையும் அடக்கம். கொழும்பு மாவட்டத்தில் றோயல் கல்லூரியும் இருக்கிறது, அவிசாவளைப் பக்கம் ஒரு கிராமத்துப் பாடசாலையும் இருக்கிறது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றுதான்.