பெல்ஜியத்தின் கருநிற வலிய ஏல்: சுவையும் மதிப்பீடும்

பெல்ஜியக் கருநிற வலிய ஏல் என்பது மேல்நொதிப்பு முறையில் தயாராகும் பழுப்பு நிறப் பீர் வகை. இதில் ஆல்ககால் 8 முதல் 12 விழுக்காடு வரை இருக்கும். சிமே நீலம், ரோஷ்ஃபோர் 10, வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 ஆகிய மூன்றும் இவ்வகையின் முன்மாதிரிகள். மூன்றும் சிஸ்டெர்சியன் சபையின் கடும் ஒழுங்குக் கிளையைச் சேர்ந்த டிராப்பிஸ்ட் துறவிகளின் மடங்களிலிருந்து வருபவை. ஆனால் வகைப்பெயர் துறவிகள் சூட்டியதல்ல. பெல்ஜியத்தில் மடத்தின் பெயரையும் எண்ணையும் சொல்லித்தான் பீர் கேட்பார்கள். இதை ஒரு வகையாகத் தொகுத்து மதிப்பெண் அட்டவணைக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கப் பீர்ப் போட்டி நடுவர்கள்.

தோற்றம்

மடங்களில் பீர் காய்ச்சுவது பழைய வழக்கம் என்றாலும் இன்றைய கருநிற ஏல் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதன்று. ஸ்கூர்மோன் மடம் 1850இல் தோன்றி, 1862இல் சிமே பீரைக் காய்ச்சத் தொடங்கியது. வெஸ்ட்ஃப்ளெட்டரனின் புனித சிக்ஸ்டஸ் மடம் 1831இல் நிறுவப்பட்டது.

1919இல் சோசலிசத் தலைவர் எமில் வாண்டர்வெல்டின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. மதுக்கூடங்களில் காய்ச்சி வடித்த மதுவகைகளை விற்க அது தடை விதித்தது. கடைகளில் வாங்குவோர் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும் என்றது. தொழிலாளியால் ஒரே தடவையில் அவ்வளவு வாங்க இயலாது. வலிய பீர்கள் பெருகியதற்கு இச்சட்டமே காரணம் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது பாதி விளக்கம்தான். வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 பிறந்தது 1940இல். சிமே நீலம் 1948இல் கிறிஸ்துமஸ் பீராக வந்தது. சட்டத்துக்கும் இவற்றுக்கும் இடையே இருபது, முப்பது ஆண்டு இடைவெளி உண்டு.

மறுபாதி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டி கிளெர்க்கின் துணையோடு, சிமேயின் தியோடோர் அடிகள் மடத்துக்கே உரிய ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்தெடுத்தார். வலிய பீர் ஒவ்வொரு முறையும் ஒரே சுவையில் அமைய இது வழிசெய்தது. டி கிளெர்க் மறைந்தபின் அம்மடத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாக்கு தேடுவது

இதன் கருநிறத்துக்கு வறுத்த மால்ட் முதன்மைக் காரணம் அல்ல. பெரும்பாலும் கருக வைத்த சர்க்கரைப் பாகே நிறத்தைத் தருகிறது. இச்சர்க்கரையைப் பெல்ஜியத்தில் கேண்டி என்பார்கள். நம் கற்கண்டில் உள்ள 'கண்டு' அதற்கு உறவான சொல். காப்பி போன்ற கருகல் கசப்பு எழுந்தால் இவ்வகையில் அது குறை.

சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துவிடுவதால் ஆல்ககால் ஏறினாலும் உடல் கனப்பதில்லை. மூக்கில் உலர்திராட்சை, அத்தி, பேரீச்சை என்று இனிப்பு மணக்கும்; விழுங்கும்போது நாக்கு உலர்ந்துபோகும். இந்த முரண்தான் வகையின் உயிர் என்பேன். புதிதாகச் சுவைப்பவர் மணத்தை வைத்தே 'இனிப்பு பீர்' என்று எழுதிவிடுவதுண்டு. ஈஸ்டிலிருந்து மிளகு, கிராம்பு போன்ற காரமும் வரும். ஆல்ககால் தொண்டையில் இளஞ்சூடாகத் தெரியலாம், எரியக் கூடாது. பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தால் இவை ஒன்றும் தெரியாது. 10 முதல் 14 பாகை செல்சியஸ், வாய் அகன்ற கோப்பை, புட்டியின் அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்காமல் ஊற்றும் பொறுமை ஆகியவை தேவை.

அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய்உணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. யார் காய்ச்சினார் என்பதற்கு அதில் இடமில்லை.

மதிப்பெண்ணின் விளைவு

2005இல் ரேட்பீர் இணையதளப் பயனர்கள் வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12ஐ உலகின் சிறந்த பீராகத் தேர்ந்தனர். சிற்றூர்ச் சாலை வண்டிகளால் நிறைந்தது. மடம் உற்பத்தியைப் பெருக்கவில்லை. தேவையான வருவாய்க்கு மேல் காய்ச்சுவதில்லை என்பது துறவிகளின் நிலை. அதற்குப் பதிலாகத் தொலைபேசி முன்பதிவு வந்தது. வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். மடக் கட்டடச் செலவுக்காக 2011 நவம்பரில் ஒருமுறை கடைகளில் விற்கச் சம்மதித்தார்கள்.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போருக்குப் பின் 1992 வரை இம்மடத்தின் பெயரில் விற்பனைக்கான பீரை அருகிலுள்ள வாட்டு ஊரின் செயின்ட் பெர்னார்டஸ் ஆலை உரிமம் பெற்றுக் காய்ச்சியது. உரிமம் முடிந்த பின்னும் அது ஆப்ட் 12 என்ற பெயரில் தன் பீரைத் தொடர்ந்தது. மடமோ இன்று வெஸ்ட்மாலே மடத்தின் ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. பெயரை மறைத்து இரண்டையும் வைத்தால் எது மடத்துப் பீர் என்று சொல்வது தேர்ந்த நாக்குக்கும் எளிதல்ல.

'டிராப்பிஸ்ட்' என்ற சொல் சுவையைக் குறிப்பதன்று என்பதால்தான் இந்தக் குழப்பம். 1962இல் கென்ட் வணிக நீதிமன்றம் அச்சொல்லைத் துறவிகள் தொடர்பான பீருக்கே உரியதாக்கியது. 1997இல் அமைந்த பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கத்தின் அறுகோண முத்திரை பெற, மடத்தின் சூழலில், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருவாய் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். ஆஹெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021இல் அதன் பீர் முத்திரையை இழந்தது. காய்ச்சும் முறையில் குறை கண்டு எடுத்த முடிவல்ல அது.