கல்கத்தா நகரின் ராக் இசைக் குழுக்கள்

உள்ளூர் மாடு விலைபோகாது என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. மாட்டுக்கு மட்டுமன்று, பாட்டுக்கும் அது பொருந்தும். அயலூர் வித்துவான் வருகிறார் என்றால் சபை நிறைகிறது. அடுத்த தெரு வித்துவான் பாடினாலோ முன் வரிசை நாற்காலிகளை நிரப்ப ஆள் தேட வேண்டியிருக்கிறது. இந்த நியாயம் ஒரு பெரு நகரத்தில் எவ்வாறு நடந்தது, அதனால் அந்நகரம் எதை இழந்தது, பின்னர் எதை மீட்டது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நகரம் வேறன்று. நம் பெரியோர்கள் மதராஸ் மெயிலில் வந்து ஹௌராவில் இறங்கிய நாள் முதலாக நமக்குச் சோறிட்டு வரும் இந்தக் கல்கத்தாவேதான். 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் மாறினாலும் நம் நாவில் பழைய பெயரே நிற்கிறது.

சங்கத்தின் ஆண்டு மலரிலே ராக் இசையைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியோர்கள் சிலர் இருக்கக்கூடும். 1952ஆம் ஆண்டில் தொடங்கி, குளிர் காலந்தோறும் விடிய விடிய நடந்து வரும் டோவர் லேன் சங்கீத மாநாட்டைப் பற்றி எழுதலாகாதா என்பர். எழுதலாம், அதன் பெருமையைக் குறைப்பார் யாருமில்லை. ஆயினும் மேனாட்டு வாத்தியம் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று எண்ணுவோர் முத்துசுவாமி தீட்சிதரை ஒரு கணம் நினைத்தல் வேண்டும். சென்னையை அடுத்த மணலியில் அக்குடும்பம் தங்கியிருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினியார் பாண்டு வாத்தியம் முழங்கக் கேட்டார் தீட்சிதர். அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் புனைந்தார். நோட்டு ஸ்வரம் என நம் குழந்தைகள் இன்றும் பாடிப் பழகும் அப்பாடல்கள் ஏறத்தாழ 40. ஆங்கில மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டே அவற்றுள் ஒன்றில் அம்பிகைத் துதியாயிற்று. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் சங்கீதத்தில் அமர்த்தினார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஆகவே வந்த வாத்தியம் எது என்பது கேள்வியன்று. வந்ததைக் கொண்டு நாம் எதைச் சொன்னோம் என்பதே கேள்வி.

ராக் என்பதன் இலக்கணத்தை இரண்டொரு வரியில் கூறிவிடலாம். எஃகுத் தந்திகளின் அடியிலே காந்தம் பொருத்திய மின்சாரக் கிதார், கீழ்ஸ்தாயியில் நின்று பாட்டைத் தாங்கும் பேஸ் கிதார், காலாலும் கையாலும் இயக்கும் டிரம் வரிசை, இவற்றோடு பாடுவோன் ஒருவன். இந்நான்குமே அதன் அடிப்படை. பெரும்பாலான பாட்டுகள் நான்கு நான்காக எண்ணத்தக்க நடையில் அமைந்தவை. சதுசிர நடை அறிந்த நமக்குத் தாளம் போடுவது கடினமன்று. 1950களில் அமெரிக்காவில் தோன்றிய இவ்விசை, இசைத்தட்டு வழியாகவும் வானொலி வழியாகவும் சில ஆண்டுகளுக்குள் கல்கத்தாவை எட்டியது.

எட்டிய இடம் பார்க் தெரு. மொகாம்போ, டிரிங்காஸ், புளூ பாக்ஸ் முதலிய உணவு விடுதிகளில் 1950, 60களில் இரவுதோறும் இசை நிகழ்ந்தது. ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் அதிலே முன்னின்றனர். 1969ஆம் ஆண்டில் டிரிங்காஸ் மேடையிலே பட்டுப் புடைவை உடுத்து, நெற்றியில் பெரிய பொட்டிட்டு, ஆங்கிலப் பாட்டுப் பாடிய ஒரு பெண்மணி கேட்டோரை வியப்பில் ஆழ்த்தினார். அவரே உஷா உதுப். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மவுண்ட் ரோடு விடுதி ஒன்றில் பாடத் தொடங்கி, கல்கத்தாவையே தம் ஊராக்கிக்கொண்டவர். 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் பெற்றார். பார்க் தெருவின் வரலாற்றிலே நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

அக்காலத்தில் இளைஞர் குழுக்களுக்கு ஊர் கடந்த அரங்கம் ஒன்றும் கிட்டியது. சிம்லா என்னும் சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடத்தப்பட்ட இசைப் போட்டியே அது. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்போட்டிக் குழுக்களின் பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவந்தன. கல்கத்தாவின் கிரேட் பேர், ஷில்லாங்கின் பென்டோன்ஸ் முதலிய குழுக்களின் குரல் இன்றும் நமக்குக் கேட்கக் கிடைப்பது அத்தட்டுகளின் புண்ணியமே. ஆனால் அவர்கள் பாடியதெல்லாம் ஆங்கிலம். வாசித்தவன் இந்நாட்டான், பாட்டில் வந்த வீதியும் பருவமும் வேறு நாட்டுடையவை. பெரும்பாலும் பிறர் பாட்டை, பிறர் மொழியில், பிறர் உணவருந்தும் வேளையில் வாசிப்பதே அன்றைய வாத்தியக்காரனின் ஊழியமாக இருந்தது.

இந்நிலையை மாற்ற முயன்றவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரெசிடென்சிக் கல்லூரியில் பயின்றவர். மாணவப் பருவத்தில் தி அர்ஜ் என்னும் குழுவில் ஆங்கிலோ இந்திய நண்பர்களுடன் பார்க் தெரு விடுதிகளில் கிதார் வாசித்தவர். 1967இல் நக்சல்பாரியில் மூண்ட கிளர்ச்சி கல்லூரிகளை எட்டியபோது இவரும் அதில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். விடுதலையான பின் வங்காளத்தை விட்டு வெளியேறி, மத்தியப் பிரதேசத்தில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகச் சில காலம் வாழ்ந்தார். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரின் அருமை தெரியும் என்பதை இச்சங்கத்தாருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அவர் கல்கத்தாவுக்குத் திரும்பியபோது, தம் ஊரைத் தம் மொழியில் பாட வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

1975ஆம் ஆண்டளவில் குழு அமைந்தது. சகோதரர்கள் பிரதீப், விசுவநாத், உறவினர் ரஞ்சன் கோஷால், நண்பர்கள் தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஏப்ரஹாம் மஜூம்தார் ஆகியோர் சேர, எழுவர் ஆயினர். எழுவர் என்பதால் முதலில் சப்தரிஷி என்றே பெயர். பிற்பாடு கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்து மொகீனேர் கோராகுலி என்று பெயரிட்டனர். மொகீனின் குதிரைகள் என்பது அதன் பொருள். கிதாரும் டிரம்மும் வயலினும் சாக்ஸபோனும் ஒருபுறம். ஊர் ஊராய்ச் சுற்றிப் பாடும் பாவுல்களின் மெட்டு மறுபுறம். இரண்டையும் இவர்கள் ஒன்றாக்கினர். 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. முதல் தட்டின் பெயரிலேயே கல்கத்தாவின் பெயர் இருந்தது. 1979இல் ரவீந்திர சதன் அரங்கிலும் பாடினர்.

ஊர் என்ன செய்தது? கேட்கவில்லை. இசை என்றால் ரவீந்திரர் பாட்டு, அல்லது திரைப்பாட்டு, அல்லது சாஸ்திரீய சங்கீதம் என்று வகுத்து வைத்திருந்த வங்காளத்துக்கு இது எந்த வகையிலும் அடங்கவில்லை. ஆங்கிலம் விரும்பியோருக்கு வங்க மொழி பிடிக்கவில்லை. வங்க மொழி விரும்பியோருக்குக் கிதார் பிடிக்கவில்லை. சிலர் நகைத்தனர், பலர் அதனை அறியவே இல்லை. பார்க் தெருவும் அரசியல் கலகத்தாலும் கேளிக்கை வரியாலும் லோட் ஷெட்டிங்காலும் களையிழந்திருந்த காலம் அது. 1981இல் குழு கலைந்தது. எழுவரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போயினர். கௌதம் திரைப்படத் துறைக்குச் சென்றார். அவர் இயக்கிய நாக்மோதி என்னும் படம் தேசிய விருது பெற்றது. பாட்டுகளோ, பெறுவாரின்றிப் பார்சல் ஆபீஸில் தங்கிவிட்ட சரக்குப் போல் கிடந்தன.

எனினும் சரக்கு கெடவில்லை. கல்லூரி விடுதிகளில் மாணவர் வாய்மொழியாக அப்பாட்டுகளைக் காத்தனர். 1992இல் சுமன் சட்டோபாத்யாய், இந்நாளில் கபீர் சுமன் என அறியப்படுபவர், தோமாகே சாய் என்னும் ஒலிநாடாவை வெளியிட்டார். ஒரு கிதாரும் ஒரு குரலுமாக நகர வாழ்க்கையைப் பாடிய அது வங்கத்தின் செவியைத் திறந்தது. 1995ஆம் ஆண்டுப் புத்தகக் கண்காட்சியில் கௌதம், பழைய பாட்டுகளையும் புதிய பாட்டுகளையும் இளைஞர் பலரைக் கொண்டு பாடச் செய்து, மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ற பொருள்படும் பெயரில் தொகுதியாக வெளியிட்டார். இம்முறை ஊர் கேட்டது. அத்தொகுதியில் இருந்த ஒரு பாட்டின் மெட்டு 2006இல் கேங்ஸ்டர் என்னும் இந்திப் படத்தில் வேறு சொற்களோடு ஒலித்து நாடெங்கும் பரவியது. அதைக் கேட்கக் கௌதம் உயிருடன் இல்லை. 1999ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், ஐம்பது வயதளவில் அவர் காலமாகிவிட்டார். ரஞ்சன் கோஷால் 2020இலும், தாபஸ் தாஸ் 2023இலும் மறைந்தனர். தாபஸ் நோயுற்றிருந்தபோது இளைய கலைஞர்கள் அவருக்காகப் பாடி நிதி திரட்டினர் என்பது ஒன்றே ஆறுதல்.

அவர்கள் போட்ட பாதையில் வந்த குழுக்கள் பல. 1989இல் தோன்றிய சந்திரபிந்து வங்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தைப் பெயராகக் கொண்டது. நகைச்சுவையும் குத்தலும் நிறைந்த சொல்லாட்சி அதன் தனிச் சிறப்பு. அக்குழுவின் அனிந்தியா, சந்திரில் இருவரும் அந்தஹீன் படத்துப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றனர். 1992இல் காக்டஸ், 1998இல் ரூபம் இஸ்லாமைப் பாடகராகக் கொண்ட பாசில்ஸ், 1999இல் நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவிய பூமி எனக் குழுக்கள் வரிசையாக எழுந்தன. லக்கிச்சாரா என்னும் குழுவில் டிரம் வாசிப்பவர் கௌதமின் மகன் கௌரவ். தந்தையைக் கேளாத ஊர் மைந்தனைக் கேட்டது.

இக்குழுக்களை இசைத்தட்டில் கேட்பது வேறு. நேரில் கேட்பது வேறு. பூஜைப் பந்தல்களை அடுத்து நடக்கும் விழாக்களிலும், குளிர் காலத்துக் கல்லூரி விழாக்களிலும் இவை மேடையேறுகின்றன. பெரியோர்களுக்குச் சில யோசனைகள் கூறுவோம். பூமியின் பாட்டுகளில் தொடங்குதல் நலம்; கிராமத்து மெட்டு நமக்கு எளிதில் பிடிபடும். வங்க மொழி நன்கறிந்தோர் சந்திரபிந்துவின் சொல்நயத்தைச் சுவைக்கலாம். பாசில்ஸ் முழங்கும் இடத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே நிற்க வேண்டா. சற்றுப் பின்னே நின்றால் பாட்டும் புரியும், காதும் பிழைக்கும். எங்கு நின்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: மேடையிலிருப்பவன் நிறுத்தினாலும் பாட்டு நிற்பதில்லை, ஆயிரம் பிள்ளைகள் தாய்மொழியில் அதைத் தொடர்ந்து பாடுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசும் பிள்ளைகள், மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டிய வேளையில் தாய்மொழிக்குத் திரும்புகிறார்கள்.

நம் அக்கறை இங்கேதான். நம் காலனியில் மாலைதோறும் வீடுகள் சிலவற்றிலிருந்து கிதார் ஒலி கேட்கிறது. படிப்பைக் கெடுக்கும் சத்தம் என்று கதவைச் சாத்துகிறோம். அப்பிள்ளைகள் பாடுவது ஆங்கிலம், இந்தி, வங்காளம். தமிழைத் தவிர மற்றெல்லாம். குறை அவர்களுடையதா? தமிழில் பாடினால் கேட்பதற்கு ஆள் உண்டு என்று நாம் என்றாவது அவர்களுக்குக் காட்டினோமா? ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து பாடகரை வருவிக்கிறோம்; வேண்டுவதுதான். அதே மேடையில் அரை மணி நேரத்தை நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால் என்ன? ஒரே ஒரு நிபந்தனை வைப்போம்: பாதிப் பாட்டாவது தமிழாக இருத்தல் வேண்டும், அது அவர்களே கட்டியதாக இருப்பின் மிக நன்று. ஹௌராப் பாலத்தையும் டிராம் வண்டியையும் லேக் மார்க்கெட்டின் வாழையிலையையும் தமிழில் பாட இவர்களை விட்டால் வேறு யார் உளர்?

முதல் முறை பிசிறு தட்டும். தட்டட்டும். எழுந்து போகாமல் இருந்து கேட்பதே பெரியோர் செய்யத்தக்க உதவி. இப்பெரு நகரம் தன் பிள்ளைகளைக் கேட்க இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கேட்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் பாடியவன் மறைந்தான். நகரம் பெரிது, அதற்கு அந்தத் தாமதம் தாங்கும். நாமோ சில நூறு குடும்பங்கள். நம் பிள்ளைகள் படித்து முடித்ததும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் பறந்துவிடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து அவர்களைக் கேட்க நாம் விரும்பினால், பாட இங்கே யாரும் இரார்.

ஆதலின், அன்பர்களே, கேட்க வேண்டியதை இவ்வாண்டே கேட்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!