உரைகாரர் நிறுத்துப் பார்த்த சொல்

ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, இந்த இடத்தில் இந்தச் சொல் ஏன் நின்றது, அதன் ஈற்றிலுள்ள உம்மை எதைத் தழுவுகிறது, ஏகாரம் தேற்றமா, பிரிநிலையா, வெறும் அசைநிலையா என்று ஒவ்வொன்றாக வினவி, விடை கண்ட பின்பே பொருளுக்குச் செல்லும் முறையைத் தமிழ் உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சாஸ்திரமாக வளர்த்து வைத்திருந்தார்கள். இறையனார் களவியலின் உரை, நக்கீரர் தொடங்கி முசிறி நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே கேட்கப்பட்டு வந்ததாகத் தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. ஆசிரியர் சொல்ல மாணாக்கர் தடை எழுப்பிய அந்த வாதத்தின் ஒலி, வினாவும் விடையுமாக நடக்கும் அதன் நடையில் இன்றும் கேட்கிறது.

திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் பரிமேலழகரைப்போல் சொல்லை நிறுத்துப் பார்த்தவர் இலர் என்பது என் அபிப்பிராயம். அவரோடு மிகவும் பிணங்க நேர்வதும் அங்கேதான். மணக்குடவர் மக்கட்பேறு என்று கொண்ட அதிகாரத்தை அவர் புதல்வரைப் பெறுதல் என்று கொண்டார். அதன் முதற்குறளில் 'அறிவறிந்த' என்னும் அடை நிற்பதையே ஏதுவாகக் காட்டி, 'மக்கள்' என்பது அங்கே பெண்ணை நீக்கி ஆணையே குறிக்கும் என்று சாதித்தார். அதே அதிகாரத்தில் தன் மகனின் சான்றாண்மையைத் தாய் பிறர் சொல்லக் 'கேட்ட'தாக வருவதற்கும், பெண் இயல்பாகத் தானே அறியமாட்டாள் என்று காரணம் கற்பித்தார். ஒரு பெயரெச்சத்தின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமாகாது. வள்ளுவரின் சொல்லுக்குள் உரைகாரருடைய காலம் புகுந்துவிட்டது. ஆயினும் எந்தச் சொல்லிலிருந்து அம்முடிவுக்கு வந்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆதலால் இன்று ஒரு பள்ளி மாணவியும் அதே சொல்லின்மேல் நின்று அவரை மறுக்கலாம்.

பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் பெயரால் தொலைவிலுள்ள சொற்களை இழுத்துப் பிணைத்ததை, 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டுக்கு 1903இல் ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் கண்டித்ததும், புலவன் வைத்த இடத்திலேயே சொல்லை வைத்துப் பார்க்கவேண்டும் என்ற கொள்கையினால்தான்.

ஆனால் அந்த நச்சினார்க்கினியருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதனால் சீவகசிந்தாமணியைக் கையிலெடுத்த உ. வே. சாமிநாதையர், நூற்பெயர் சொல்லாமல் அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் ஆங்காங்கே எடுத்தாளப்பட்ட மேற்கோள்களைக் கண்டு திகைத்தார். ஒரு சொல்லின் பிரயோகத்தை நிலைநாட்ட உரைகாரர் இயல்பாகக் காட்டிச் சென்ற அடிகள், தாம் அதுவரை கற்றறியாத நூல்களைச் சேர்ந்தவை என்பது, பழஞ்சுவடிகளைப் பிரயாசையோடு ஒப்பிட்டுப் படிக்கப் படிக்க அவருக்குப் புலனாயிற்று. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது; நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும் அச்சேறின.