கடைவீதிகளின் மறுவாழ்வு

சிறு கடை என்பது பண்டமாற்றுக்குரிய இடம் மாத்திரமன்று. ஊரார் ஒருவரையொருவர் கண்டு அளவளாவுவதும், கையிற் பணமில்லாதவன் நம்பிக்கையின்பேரில் அரிசி பெறுவதும் அங்கேதான். அத்தகைய கடைகள் மூடப்படுமாயின் ஊரின் உயிர்நிலையே தளர்ந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாபத்தை எதிர்நோக்கிய மேனாட்டு நகரங்கள் செய்த முயற்சிகளுள் இரண்டு சிறப்பாக ஆராயத்தக்கவை.

முதலாவது, இங்கிலாந்தின் நோரிச் நகரிலே நிகழ்ந்தது. அந்நகரின் மக்டலின் வீதி பழைமை வாய்ந்த வணிக வீதி. ஆயினும், வர்ணம் மங்கிய சுவர்களும், ஒன்றையொன்று மறைக்கும் விளம்பரப் பலகைகளும், தாறுமாறான கம்பிகளும் அதன் அழகைக் கெடுத்திருந்தன. 1957ஆம் ஆண்டில் டங்கன் சாண்டிஸ் தோற்றுவித்த சிவிக் ட்றஸ்ட் என்னும் அமைப்பு, மாநகரசபையோடும் வியாபாரிகளோடும் கூடி இவ்வீதியைத் திருத்த முற்பட்டது. வடிவமைப்பு நிபுணர் மிஷா பிளாக் அப்பணியை ஒருங்கிணைத்தார். ஒவ்வொரு கடையும் தன் தனித்தன்மையை இழவாமல், வீதி முழுவதும் இசைந்து தோன்றுமாறு வர்ணங்களும் எழுத்துக்களும் தெரிந்தெடுக்கப்பட்டன. வேண்டாத பலகைகள் அகற்றப்பட்டன. கட்டாயத்தினாலன்றி வியாபாரிகளின் சம்மதத்தினாலேயே யாவும் நடைபெற்றன. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில் வீதி புதுப்பொலிவுடன் விளங்கிற்று. பிரித்தானியாவின் வேறு பல ஊர்களும் அதனைப் பின்பற்றலாயின.

ஆனால், அழகு மாத்திரம் ஒரு கடையைக் காக்க வல்லதன்று. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மோட்டார்ப் போக்குவரத்தின் பொருட்டு அதே வீதியின் குறுக்கே மேம்பாலமொன்று எழுந்து அதனை இரு கூறாக்கியது. வர்ணம் பூசியோரின் உழைப்பு அதன்முன் என் செய்யும்?

இரண்டாவது முயற்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குரியது. 1956ஆம் ஆண்டில் அங்கே நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்னும், முற்றும் கூரையிட்டுக் குளிரூட்டப்பெற்ற பேரங்காடி திறக்கப்பட்டது. மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஊருக்குப் புறம்பேயுள்ள இத்தகைய அங்காடிகளை நாடினர். ஊர் நடுவிலிருந்த வியாபாரிகளோ தாமும் புதுமையாகத் தோன்ற விரும்பி, செங்கல்லும் கல்லுமாக விளங்கிய தம் பழைய கட்டடங்களின் முகப்பை அலுமினியத் தகடுகளால் மூடினர். எனினும் வாடிக்கையாளர் திரும்பவில்லை. ஊருக்குரிய தனியழகும் மறைந்தது.

இந்நிலையிலே, வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் தேசிய அறக்கட்டளை 1977ஆம் ஆண்டில் மூன்று சிற்றூர்களைத் தெரிந்தெடுத்தது. இலினோய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க், இந்தியானாவின் மடிசன், தென் டகோட்டாவின் ஹொட் ஸ்பிரிங்ஸ் என்பனவே அவை. மேரி மீன்ஸ் என்னும் பெண்மணி இத்திட்டத்தை வழிநடத்தினார். ஒவ்வோர் ஊருக்கும் முழுநேர அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட்டார். கட்டடங்களை ஆராய்ந்தது போலவே ஊரின் பொருளாதார நிலையும் ஆராயப்பட்டது.

இவ்வனுபவத்திலிருந்து நான்கு கோட்பாடுகள் உருவாயின. வியாபாரிகள், வங்கியாளர், நகரசபையார் ஆகியோர் ஒன்றுகூடி இயங்குதல் முதலாவது. கூட்டு விற்பனை நாட்களாலும் விழாக்களாலும் மக்களை வீதிக்கு அழைத்தல் இரண்டாவது. மூன்றாவது வடிவமைப்பு: தகடுகளை அகற்றிப் பழைய முகப்பைச் செப்பனிடுதலும், காட்சிச் சாளரத்தை ஒழுங்காக அமைத்தலும், நடந்து செல்வோர் எளிதில் வாசிக்கத்தக்க பெயர்ப்பலகை இடுதலும் இதிலடங்கும். நான்காவது பொருளாதார வலுவூட்டல். ஊரார் எப்பொருளை வாங்க வெளியூர் செல்கின்றனர், அதனை உள்ளூரிலேயே விற்க இயலுமா, வெறுமையாய்க் கிடக்கும் மேல்மாடியை வாடகைக்கு விட முடியுமா என்பன போன்ற வினாக்களுக்கு விடை காண்பதே அதன் பணி. நான்கும் ஒருங்கே நடைபெறல் வேண்டும் என்பதே இத்திட்டத்தின் உயிர்க்கருத்து.

1980ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய நிலையமொன்று நிறுவப்பட்டது. முதலில் ஆறு மாநிலங்கள் இணைந்தன. பின்னர் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்கு இம்முறை பரவிற்று.

நோரிச் நகரம் வியாபாரிகளின் ஒற்றுமையால் ஒரு வீதி பொலிவு பெறும் என்பதைக் காட்டியது. அமெரிக்கச் சிற்றூர்கள் அப்பொலிவைக் கணக்கேட்டோடு இணைக்கக் கற்றன. கடையின் முகப்பு வாடிக்கையாளரை ஒருமுறை உள்ளே அழைக்கும். அவரை மறுமுறையும் வரச் செய்வது நல்ல சரக்கும் நியாயமான விலையும் தேர்ந்த நிருவாகமுமேயாம். சிறு வியாபாரிக்கு உதவ விரும்புவோர் வர்ணத்தையும் கணக்கையும் பிரித்து நோக்குதல் தகாது என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.